கொலஸ்டிரைல் எஸ்டர் கல்லீரலில் தேங்குவது ஏன்? சிறுவன் ஒருவனின் ரத்தப் பரிசோதனை குறித்து

கேள்வி: வேதியியல் ஆசிரியர், தக்கலை

அனைவருக்கும் வணக்கம். நான் தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். என் தங்கை மகனுக்குப் பதினொரு வயது. ஒல்லியான பிள்ளை, ஓடியாடி விளையாடுவான், நோய் என்று பெரிதாகப் படுத்ததில்லை. சளிக்காக மருத்துவரிடம் சென்றபோது வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் கல்லீரல் கைக்குத் தட்டுப்படுகிறது என்று கூறி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கல்லீரல் பெரிதாகி அதில் கொழுப்பு படிந்திருப்பதாகவும், மண்ணீரலும் சற்றுப் பெரிதாக இருப்பதாகவும் ஸ்கேனில் தெரிந்தது. ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 268, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 206, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 28, ட்ரைகிளிசரைடு 170 என்று வந்திருக்கிறது. கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 96. மஞ்சள் காமாலைக் கிருமிகள் எவையும் இல்லை.

குண்டாக இல்லாத பிள்ளைக்கு இப்படி இருந்தால் கொலஸ்டிரைல் எஸ்டர் தேங்கும் ஒரு பரம்பரை நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்றும், அதற்குத் தனியாக ஒரு நொதிப் பரிசோதனை உண்டு என்றும் மருத்துவர் கூறினார். என் தங்கையை எங்கள் சொந்த அத்தை மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம் என்பதைக் கேட்ட பிறகு அவர் அந்தப் பரிசோதனையை இன்னும் அழுத்தமாக வலியுறுத்தினார். பையனுக்கு நான்கு வயதில் ஒரு தங்கையும் இருக்கிறாள்.

எஸ்டர் என்றால் என்ன என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து நீர் பிரிவது எனக்குப் புரியாத வினையல்ல. ஆனால் உடல் எதற்காகக் கொலஸ்ட்ராலை எஸ்டராக்குகிறது, அது எங்கே நடக்கிறது, எந்த இடத்தில் பிசகினால் நோயாகிறது என்பதை யாரேனும் முறையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அறிக்கையில் உள்ள 268 என்னும் எண்ணில் இந்த எஸ்டரும் அடக்கமா? எஸ்டரை மட்டும் தனியாக அளக்க இங்குள்ள ஆய்வகங்களில் வழி உண்டா? வீட்டுப் பெரியவர்களோ தேங்காய் எண்ணெயையும், தேங்காய் அரைத்து வைக்கும் மீன் குழம்பையும் குறை கூறுகிறார்கள். தங்கை அதைக் கேட்டு மனம் உடைந்து போயிருக்கிறாள். அதற்கும் ஒரு தெளிவான பதில் தேவைப்படுகிறது.

பதில்: உயிர்வேதியியல் விரிவுரையாளர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் கேள்வியின் வேதியியல் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதுவதே முறை.

கொலஸ்ட்ரால் மூலக்கூறில் 27 கார்பன்கள் இருந்தாலும் நீரோடு உறவுகொள்ளக்கூடியதாக அதில் இருப்பது மூன்றாம் கார்பனிலுள்ள ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதிதான். செல்சவ்வில் பாஸ்போலிப்பிடுகளுக்கு நடுவே கொலஸ்ட்ரால் நிற்கும்போது அந்தத் தொகுதி நீர்ப்பக்கம் பார்த்திருக்க, எஞ்சிய வளையங்கள் எல்லாம் கொழுப்புப் பக்கம் புதைந்திருக்கின்றன. அந்த ஹைட்ராக்சில் ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைந்து எஸ்டராகிவிட்டால், மூலக்கூறுக்கு நீர்ப்பக்கம் பார்ப்பதற்கு எதுவுமே மிஞ்சுவதில்லை. சவ்வில் அதற்கு இடம் மிகச் சிறிதளவே உண்டு. ஆகவே அது சவ்வை விட்டு விலகி, எண்ணெய்த் துளியாகத் திரள்கிறது. உடலுக்கு இது மிகவும் தேவையான ஏற்பாடு. தனிக் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறிச் சவ்வில் சேர்ந்தால் சவ்வு விறைத்து, அதிலுள்ள புரதங்கள் செயலிழந்து, செல்லே இறக்கும். எஸ்டராக்கித் துளியில் ஒதுக்கிவைத்தால் செல்லுக்குக் கேடில்லை. வேண்டும்போது மீண்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். அட்ரீனல் சுரப்பி தன் ஹார்மோன்களுக்கான மூலப்பொருளை இப்படித்தான் எஸ்டர் துளிகளாகச் சேமித்து வைத்திருக்கிறது.

எஸ்டராக்கம் இரண்டு களங்களில் நடக்கிறது, இரண்டின் வேதியியலும் வேறு. செல்லுக்குள்ளே, எண்டோபிளாச வலைப்பின்னலில், ஏகேட் என்னும் நொதி கொழுப்பு அமிலத்தை அதன் கோஎன்சைம்-ஏ வடிவிலிருந்து எடுத்துக் கொலஸ்ட்ராலோடு சேர்க்கிறது. இதற்கு ஒலியிக் அமிலத்தின் மீது விருப்பம் அதிகம். இதில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று பல திசுக்களிலும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்களிலும் இருப்பது, மற்றொன்று குடலிலும் கல்லீரலிலும் இருப்பது. செல்லுக்கு வெளியே, ரத்தத்தில், எல்கேட் என்னும் நொதி லெசித்தின் என்னும் பாஸ்போலிப்பிடின் இரண்டாம் இடத்திலுள்ள கொழுப்பு அமிலத்தை அப்படியே கொலஸ்ட்ராலுக்கு மாற்றுகிறது. இதை 1962 ஆம் ஆண்டில் ஜான் குளோம்செட் விவரித்தார். லெசித்தினின் இரண்டாம் இடத்தில் பெரும்பாலும் லினோலியிக் அமிலம் இருப்பதால் மனித ரத்தத்தில் லினோலியேட் எஸ்டரே மிகுதி. செல்லுக்குள் ஏகேட் செய்த துளிகளிலோ ஒலியேட் எஸ்டர் மிகுதி. எந்த நொதி செய்த எஸ்டர் என்பதை அதிலுள்ள கொழுப்பு அமிலமே ஓரளவு காட்டிக்கொடுக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு மகிழ்ச்சி உண்டாகும்.

எச்.டி.எல்., எல்.டி.எல்., வி.எல்.டி.எல். ஆகியவை ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள். எல்கேட் இயங்குவது முக்கியமாக எச்.டி.எல். துகளின் மேல். எஸ்டரான கொலஸ்ட்ரால் துகளின் மேற்பரப்பிலிருந்து உள்ளே அமிழ்ந்துவிடுவதால், மேற்பரப்பில் இடம் ஏற்பட்டு, திசுக்களிலிருந்து மேலும் கொலஸ்ட்ரால் அதில் ஏறிக்கொள்ள முடிகிறது. அந்த எஸ்டரின் ஒரு பகுதியைச் செடெப் என்னும் புரதம் எச்.டி.எல். துகளிலிருந்து எடுத்து, பதிலுக்கு ட்ரைகிளிசரைடைக் கொடுத்துவிட்டு, வி.எல்.டி.எல்., எல்.டி.எல். துகள்களுக்குக் கொண்டுபோகிறது. சுமார் 22 நானோமீட்டர் விட்டமே உள்ள ஒரு எல்.டி.எல். துகளின் உள்மையத்தில் ஏறத்தாழ 1500 கொலஸ்டிரைல் எஸ்டர் மூலக்கூறுகள் அடங்கியிருக்கின்றன.

உங்கள் மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்கு வருவோம். எல்.டி.எல். துகள், செல்லின் மேலுள்ள ஏற்பி என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நுழைந்து, இறுதியில் லைசோசோமை அடைகிறது. அமிலத்தன்மை மிகுந்த அந்த நுண்ணுறுப்பில் லைசோசோமல் ஆசிட் லைபேஸ் என்னும் நொதி எஸ்டரை நீராற்பகுத்து, கொலஸ்ட்ராலையும் கொழுப்பு அமிலத்தையும் தனித்தனியே விடுவிக்கிறது. விடுபட்ட கொலஸ்ட்ரால் லைசோசோமை விட்டு வெளியேறி எண்டோபிளாச வலைப்பின்னலை அடைந்த பிறகே, "போதுமான கொலஸ்ட்ரால் வந்துவிட்டது" என்பதைச் செல் உணர்கிறது. அப்போதுதான் தானாகக் கொலஸ்ட்ரால் செய்வதைக் குறைக்கிறது, எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைக்கிறது, மிகுதியை ஏகேட் வழியாக எஸ்டராக்கி வைக்கிறது. ஆசிட் லைபேஸ் இல்லாவிட்டால் எஸ்டர் லைசோசோமிலேயே தங்கிப்போகும். எஸ்டர் மலைபோல் குவிந்திருக்கும் செல்லே, தனக்குக் கொலஸ்ட்ரால் போதவில்லை என்று கணக்கிட்டு மேலும் மேலும் அதைச் செய்துகொண்டிருக்கும். கல்லீரல் அவ்வாறு செய்ததை வி.எல்.டி.எல். துகள்களாக ரத்தத்தில் வெளியேற்ற, அவை அங்கே எல்.டி.எல். துகள்களாக மாறுவதால் எல்.டி.எல். உயர்கிறது. செல்லிலிருந்து கொலஸ்ட்ராலை எச்.டி.எல். பக்கம் ஏற்றிவிடும் ஏபிசிஏ1 என்னும் கடத்தியின் உற்பத்தியும் விடுபட்ட கொலஸ்ட்ராலைச் சார்ந்தது. அது குறையும்போது எச்.டி.எல். தாழ்கிறது. நீங்கள் கொடுத்துள்ள 206, 28 ஆகிய இரு எண்களும் இந்தச் சித்திரத்தோடு பொருந்துகின்றன. பொருந்துவதாலேயே நோய் இதுதான் என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தச் சங்கிலி உண்மையென்று நிறுவப்பட்டதே இந்த நோயுள்ள ஒருவரின் செல்களைக் கொண்டுதான். 1985 இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும், 1975 இல் கொலஸ்டிரைல் எஸ்டர் தேக்க நோயுள்ள ஒருவரின் தோல் செல்களை வளர்த்து எல்.டி.எல். கொடுத்துப் பார்த்தார்கள். துகள் உள்ளே போயிற்று. ஆனால் எஸ்டர் பிரியவில்லை, செல்லின் கொலஸ்ட்ரால் உற்பத்தியும் உரியபடி அடங்கவில்லை. செல்லைக் கட்டுப்படுத்துவது எஸ்டர் அன்று, அதிலிருந்து விடுபடும் கொலஸ்ட்ரால்தான் என்பது அதனால் தெளிவாயிற்று.

பதில்: மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பவியலாளர், மார்த்தாண்டம்

அளவீட்டைப் பற்றி நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். 268 என்னும் எண்ணில் எஸ்டரும் அடக்கம். இன்று எல்லா ஆய்வகங்களிலும் பயன்படும் கிட்டில் முதலில் இருப்பதே கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ் என்னும் நொதிதான். அது சீரத்திலுள்ள எஸ்டர் அனைத்தையும் தனிக் கொலஸ்ட்ராலாக மாற்றிவிடுகிறது. அடுத்துக் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பெராக்சிடேஸ் அதைக் கொண்டு ஒரு சிவப்பு நிறத்தைத் தோற்றுவிக்க, அந்த நிறத்தின் அடர்த்தியை 500 நானோமீட்டர் அளவில் கருவி படிக்கிறது. ஆகவே தனியாக இருந்ததும் எஸ்டராக இருந்ததும் சேர்ந்தே ஒரே எண்ணாக வெளிவருகின்றன. நலமாக உள்ளவர்களின் ரத்தத்தில் மொத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை எஸ்டர்தான்.

இரண்டையும் பிரித்து அளக்கும் வழக்கம் முன்பு இருந்தது. டிஜிட்டோனின் என்னும் பொருள், ஹைட்ராக்சில் தொகுதி மறைக்கப்படாத கொலஸ்ட்ராலை மட்டுமே வீழ்படிவாக்கும், எஸ்டரைத் தொடாது. வேதியியல் ஆசிரியரான உங்களுக்கு அந்த முறையின் அழகு உடனே புரியும். எல்கேட் நொதியைச் செய்வது கல்லீரல் என்பதால், கல்லீரல் கடுமையாகப் பழுதுபட்டால் ரத்தத்தில் எஸ்டரின் பங்கு குறையும். அதனால் அந்த விகிதத்தைக் கல்லீரலின் நிலையறியும் சோதனையாகப் பயன்படுத்தினார்கள். எளிமையான வேறு சோதனைகள் வந்த பிறகு அது வழக்கொழிந்தது.

ஆனால் உங்கள் மருமகனுக்கு அந்த விகிதம் எதையும் சொல்லாது. எல்கேட் அவனுக்கு இயங்கிக்கொண்டிருக்கும். தேக்கம் லைசோசோமுக்குள் நடப்பது. எனவே எஸ்டரை ரத்தத்தில் தேடிப் பணத்தைச் செலவிட வேண்டாம். மருத்துவர் கேட்டிருப்பது ஆசிட் லைபேஸ் நொதியின் செயல்திறனை அளக்கும் சோதனை. வடிதாள் அட்டையில் ரத்தத் துளிகளை இட்டு உலரவைத்து அனுப்பினால் போதும். ரத்தத்தில் வேறு லைபேஸ்களும் இருப்பதால், ஆசிட் லைபேஸை மட்டும் முடக்கும் லாலிஸ்டாட்-2 என்னும் சேர்மத்தைச் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

அட்டை அனுப்புவதில் ஒன்றை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் நொதியின் செயல்திறனைக் குறைக்கும். குறைந்துபோன மாதிரி நோயில்லாத பிள்ளையையும் நோயாளியாகக் காட்டிவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் நம் மாவட்டத்தில் காற்றின் ஈரம் எப்போதும் அதிகம். வெயிலில் காட்டாமல், அறை வெப்பத்தில், சில மணி நேரம் நன்றாக உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு சேர்த்து மூடி, தாமதமின்றி அனுப்பச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் எடுத்தால் கூரியர் அலுவலகத்திலேயே இரண்டு நாள் கிடக்கும். திங்கள் அல்லது செவ்வாயில் எடுப்பது நல்லது.

உங்கள் பாடத்தோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொலஸ்டிரைல் எஸ்டர் துளிகளை முனைவாக்கப்பட்ட ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தால் ஒவ்வொரு துளியிலும் ஒரு சிலுவை வடிவம் மின்னும். சிறுநீரக நோயால் புரதம் பெருமளவில் வெளியேறும் நோயாளிகளின் சிறுநீரில் நாங்கள் இதைக் காண்பதுண்டு. எஸ்டர் அங்கே திரவமாகவும் இல்லை, படிகமாகவும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட திரவப் படிக நிலையில் இருக்கிறது. 1888 இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிரைல் பென்சோயேட் என்னும் எஸ்டர் 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாகவும், 178.5 டிகிரியில் தெளிந்தும் போவதைக் கண்டார். திரவப் படிகங்களின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரத்தத்தில் எஸ்டர் விகிதத்தைப் பார்க்கச் சொல்லி நாளையே ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தேன், அதைக் கைவிட்டுவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மாரடைப்புக்குக் காரணமான தமனி அடைப்பிலும் இந்த எஸ்டர்தான் இருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் ஏகேட் நொதியையே மருந்தால் தடுத்துவிட்டால் எஸ்டர் உண்டாகாதே, அதை ஏன் செய்வதில்லை? மற்றொன்று, தேங்காய் எண்ணெய் குறித்த கேள்வி.

பதில்: உயிர்வேதியியல் விரிவுரையாளர், நாகர்கோவில்

நீங்கள் கேட்டதையே மருந்து நிறுவனங்களும் கேட்டுப் பார்த்தன, ஐயா. தமனிச் சுவரில் எஸ்டர் சேர்வது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. 1910 இல் அடால்ஃப் விண்டாஸ், தடித்துப்போன பெருந்தமனிச் சுவரில் தனிக் கொலஸ்ட்ரால் பல மடங்கும், எஸ்டர் அதைவிடவும் மிகப் பல மடங்கும் கூடியிருப்பதை அளந்து காட்டினார். 1913 இல் நிக்கோலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்துத் தமனிகளில் அதே மாற்றத்தை உண்டாக்கினார். தமனிச் சுவருக்குள் சிக்கி வேதிமாற்றமடைந்த எல்.டி.எல். துகள்களை மேக்ரோபேஜ்கள் விழுங்குகின்றன. அவை விழுங்கப் பயன்படுத்தும் துப்புரவு ஏற்பிகள், வழக்கமான எல்.டி.எல். ஏற்பியைப் போலக் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் குறைந்துவிடுவதில்லை. விழுங்கியது அனைத்தும் ஏகேட் வழியாக எஸ்டர் துளிகளாகி, நுண்ணோக்கியில் நுரை நிறைந்தது போன்ற தோற்றத்தைத் தருகிறது. நுரைச்செல் என்னும் பெயர் அதனால் வந்தது.

ஆகவே ஏகேட்டைத் தடுத்தால் நுரைச்செல் உண்டாகாது என்பது நியாயமான எதிர்பார்ப்புத்தான். ஆனால் அவாசிமைப், பாக்டிமைப் என்னும் இரண்டு தடுப்பான்களும் மனிதர்களில் தமனி நோயைக் குறைக்கவில்லை. பாக்டிமைப் சோதனையில் சில அளவீடுகள் மோசமாகவும் செய்தன. எஸ்டராக்கம் நின்றால் கொலஸ்ட்ரால் மறைந்துவிடாது. தனிக் கொலஸ்ட்ராலாகச் சவ்வுகளில் ஏறி, மேக்ரோபேஜையே கொல்லும். இறந்த செல்கள் தமனிச் சுவரில் சீழ்போல் தேங்கி, அடைப்பு வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். எஸ்டரை நோயின் காரணமாக மட்டும் பார்த்ததால் வந்த விளைவு இது. அது செல் தன்னைக் காத்துக்கொண்டதன் தடயமும்கூட. செடெப் புரதத்தைத் தடுத்து எச்.டி.எல். அளவை உயர்த்தும் முயற்சியும் எளிதாக அமையவில்லை. டார்செட்ராபிப் என்னும் மருந்து எச்.டி.எல். எண்ணை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் அதை உட்கொண்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. இன்று நமக்குப் பயன்படுபவை எஸ்டர் செய்யும் நொதிகளைத் தொடாமல், ரத்தத்தில் வரும் எல்.டி.எல். துகள்களின் எண்ணிக்கையையே குறைக்கும் மருந்துகள்.

எஸ்டராக்கம் இல்லாமலே போனால் என்ன ஆகும் என்பதையும் இயற்கை காட்டியிருக்கிறது. 1967 இல் நார்வே நாட்டில் நோரும், யோனெ ஆகியோர் எல்கேட் நொதி இல்லாத குடும்பத்தை விவரித்தார்கள். கருவிழி மங்குதல், ரத்தசோகை, சிறுநீரில் புரதம், பின்னாளில் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை அதன் விளைவுகள்.

தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். அந்த எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று சொல்லலாம். அது தாவர எண்ணெய். ஆனால் அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவிகிதம் நிறைவுற்றவை. கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். நிறைவுறாத எண்ணெய்களோடு ஒப்பிடும்போது அது எல்.டி.எல். அளவைக் கூட்டுகிறது. இதற்கான விளக்கமும் எஸ்டரிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஜான் டீட்ஷியின் குழுவினர் ஹாம்ஸ்டர்களில் செய்த ஆய்வுகளின்படி, கல்லீரலில் ஒலியிக் போன்ற நிறைவுறாத அமிலங்கள் மிகுந்தால் கொலஸ்ட்ரால் எளிதாக எஸ்டராகி ஒதுங்குகிறது. செல் உணரும் தனிக் கொலஸ்ட்ரால் குறைவதால் எல்.டி.எல். ஏற்பிகள் கூடுகின்றன, ரத்தத்திலுள்ள துகள்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. நிறைவுற்ற அமிலங்கள் மிகுந்தால் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. ஆக, நம் மாவட்டத்தில் பெரியவர்களின் எல்.டி.எல். அளவைப் பற்றிப் பேசும்போது தேங்காய் எண்ணெயைப் பேச்சிலிருந்து விலக்க முடியாது. எனினும் எந்த எண்ணெயும் ஒரு பிள்ளையின் ஆசிட் லைபேஸ் மரபணுவை மாற்றுவதில்லை. அதே எண்ணெயில் சமைத்ததை அதே வீட்டில் எல்லோரும் உண்டிருக்க, ஒல்லியான ஒரு சிறுவனுக்கு மட்டும் கல்லீரல் பெருத்திருக்கிறது என்பதையே அந்தப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தங்கையின் அடுக்களையில் தேடவேண்டிய நோயல்ல இது.

பதில்: குழந்தைகள் நல மருத்துவர், சொந்த ஊர் குளச்சல், பணி திருவனந்தபுரம்

மேலே எழுதியவர்கள் அடிப்படையை நன்றாக விளக்கிவிட்டதால் நான் நோயோடு நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளையைப் பார்க்காமல் எழுதுவதால், இது உங்கள் மருத்துவரின் சொல்லுக்குத் துணையாக மட்டும் இருக்கட்டும்.

ஆசிட் லைபேஸ் நொதிக்கான மரபணு பத்தாம் குரோமோசோமில் உள்ளது. அது அறவே செயலற்றுப்போனால் வருவது வோல்மன் நோய். பிறந்த சில வாரங்களிலேயே வாந்தி, கொழுப்பு கலந்த வயிற்றுப்போக்கு, வயிறு பெருத்தல், எடை ஏறாமை ஆகியவை தொடங்கி, அட்ரீனல் சுரப்பிகளில் சுண்ணாம்பு படிந்து, சிகிச்சை இல்லையெனில் பெரும்பாலும் ஓராண்டுக்குள் உயிரைப் பறித்துவிடும். நொதி சிறிதளவு எஞ்சியிருந்தால் வருவது கொலஸ்டிரைல் எஸ்டர் தேக்க நோய். அது பள்ளிப் பருவத்திலோ, சில நேரம் வளர்ந்த பிறகோ, வேறு எதற்காகவோ செய்த பரிசோதனையில் தற்செயலாக வெளிப்படும். உங்கள் மருமகனுக்கு ஐயப்படுவது இந்த இரண்டாம் வகையைத்தான். 1969 இல் பாட்ரிக், லேக் ஆகிய இருவரும் வோல்மன் நோயில் இந்த நொதி இல்லாததைக் காட்டினார்கள்.

இதை ஒத்த தோற்றமுள்ள வேறு நோய்களும் உண்டு. பரம்பரையாக எல்.டி.எல். மிகும் நோயில் கல்லீரல் பெருப்பதில்லை. செம்பு தேங்கும் வில்சன் நோயில் கல்லீரலில் கொழுப்பு படிவதுண்டு. அதற்குச் சிகிச்சை இருப்பதால் தவறவிடவே கூடாது. செம்பைச் சுமக்கும் ரத்தப் புரதமான செருலோபிளாஸ்மின் அளவைப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். தைராய்டும் பார்க்கப்பட வேண்டும். கல்லீரலிலிருந்து திசு எடுக்க நேர்ந்தால், எடுப்பதற்கு முன்பே நோயியல் மருத்துவரிடம் இந்த ஐயத்தைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். வழக்கமான மெழுகுப் பதத்தில் பயன்படும் கரைப்பான்கள் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். அதன்பின் சாதாரணக் கொழுப்புக் கல்லீரல் என்றே அறிக்கை வரக்கூடும். ஒரு சிறு துண்டை உறையவைத்துப் பார்த்தால், மேலே சொல்லப்பட்ட முனைவாக்க ஒளியில் மின்னும் படிகங்கள் தெரியும். நொதிப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் தெளிவாக இருந்தால் திசு எடுப்பது நோயை அறிவதற்குத் தேவைப்படாது. தழும்பு எந்த அளவு ஏற்பட்டிருக்கிறது என்பதை அறியவே அது பயன்படும்.

கவனிக்க வேண்டியது அந்தத் தழும்புதான். லைசோசோம்களில் எஸ்டர் நிறைந்த செல்கள் ஆண்டுக்கணக்கில் அழற்சியைத் தூண்டிக்கொண்டிருக்க, நார்த்தழும்பு பெருகிக் கல்லீரல் சுருக்க நோயாக (சிரோசிஸ்) மாறலாம். ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்.டி.எல். எண்ணைக் குறைக்கும்; தமனிகளுக்கு அது நல்லதே. ஆனால் லைசோசோமில் தேங்கியதை அவை அகற்றுவதில்லை. எண் குறைந்ததைக் கண்டு மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

குறைந்த நொதியையே ஊசி வழியாகக் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. செபலிபேஸ் ஆல்ஃபா என்னும் அந்த மருந்துக்கு 2015 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. மரபணு மாற்றப்பட்ட கோழிகளின் முட்டை வெண்கருவிலிருந்து அது எடுக்கப்படுகிறது என்பதால், பிள்ளைக்கு முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிரை வழியாக ஏற்றப்படும் அந்த நொதி செல்களால் உள்ளே எடுக்கப்பட்டு லைசோசோமைச் சென்றடைந்து, அங்கே தேங்கிய எஸ்டரைப் பிரிக்கிறது. விலை மிக மிக அதிகம். நோய் உறுதியானால் இந்தச் சிகிச்சையைப் பற்றி, 2021 ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் உயர்சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டுள்ள ஒரு மருத்துவமனையில் பேசுவதே சரி. உங்களுக்கு அருகில் உள்ளது திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் காலையில் புறப்பட்டால் வெளிநோயாளர் பிரிவுக்கு நேரத்தோடு வந்துவிடலாம்.

தங்கை வீட்டாரிடம் மெதுவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி ஒவ்வொன்று வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் மணந்தவர்கள் ஒரே மூதாதையிடமிருந்து அதே பிரதியைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுதல். அப்படி இருவரும் பழுதான ஒரு பிரதியை மட்டும் கொண்ட, நோயில்லாத தாங்கிகளாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதில் யாருடைய குற்றமும் இல்லை. பையனின் முடிவு குறைவாக வந்தால் நான்கு வயதுப் பெண்ணுக்கும் அதே அட்டைப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். அவள் நன்றாக விளையாடுகிறாள், வயிறு பெருக்கவில்லை என்பது போதுமான காரணம் ஆகாது. இயலுமானால் இருவருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்து ஒரே உறையில் அனுப்புங்கள். வழியில் வெப்பத்தால் மாதிரி கெட்டிருந்தால் இரண்டு அட்டைகளிலும் அளவு தாழ்ந்திருக்கும். இருவரின் முடிவுகளும் ஒருசேரத் தாழ்ந்து வந்தால், நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் புதிய மாதிரி எடுத்து மறுபடி பார்க்க வேண்டும்.